நாலு கண்ணு வைரவன்

தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர்கள் நம் வயதுக்காரர்களில் இன்னும் எத்தனை பேர் மிச்சமிருக்கிறீர்கள்? போட்டுக்கொண்டவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டாம். இந்த வரியைப் படித்ததுமே கை தானாக வயிற்றுக்குப் போயிருக்கும். இப்போது நாய் கடித்தால் புஜத்தில் ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். போன மாதம் என் பேத்திக்கு அப்படித்தான் போட்டார்கள். வெளியே வந்ததும் ஐஸ்கிரீம் கேட்டாள். வாங்கிக் கொடுத்துவிட்டு நான் மட்டும் ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு ஒருத்தியின் நினைப்பு வந்துவிட்டது. கூடவே ஒரு நாயின் நினைப்பும்.

கீரனூருக்குப் பக்கத்தில், திருச்சி ரோட்டிலிருந்து வண்டிப்பாதையில் இறங்கி நடந்தால் வருகிற ஊர் எங்களுடையது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய், திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. நான் மூன்றாம் வகுப்பு படிக்கிற சிறுமி. என்னைப் பெற்ற ஆத்தா நான் நடக்கப் பழகும் முன்பே இறந்துவிட்டாள். அப்பா ஊர் ஊராய் நிலக்கடலை வாங்கித் திருச்சிக்கு லாரியில் ஏற்றுகிறவர். போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். பக்கத்து வீட்டில் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. பெரியம்மா போன பிறகு அவருக்கும் யாருமில்லை. அவர் தோளிலும் மடியிலும்தான் நான் வளர்ந்தேன்.

அந்த வருஷம் வைகாசியில் அப்பா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். சின்னாத்தா வந்தாள். திருமயம் பக்கத்துக்காரி. வண்டியில் ஒரு தகரப்பெட்டி, ஒரு பித்தளைக் குடம், ஒரு தவலை. வண்டிக்குப் பின்னால், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு கறுப்பு நாய்.

சீர்வரிசையில் பசு வரும், கன்று வரும். நாய் வந்து எங்கள் ஊர் பார்த்ததில்லை. அதை அவள் கூட்டிவரவும் இல்லையாம். வழியில் எத்தனை இடத்தில் இறங்கி விரட்டினாலும் நின்று நின்று பின்னாலேயே வந்துவிட்டதாம். ஊரார் சிரித்தார்கள். கிட்டே வந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது. அதன் இரண்டு கண்ணுக்கும் மேலே, சந்தனத்தைத் தொட்டு வைத்த மாதிரி, பழுப்பாய் இரண்டு புள்ளிகள். எங்கள் பக்கம் அப்படிப்பட்டதை நாலு கண்ணு நாய் என்பார்கள். கீழே இருக்கிற கண்ணால் மனுஷனைப் பார்க்கும், மேலே இருக்கிற கண்ணால் எமனைப் பார்க்கும் என்பார்கள். அது ஊளையிட்டால் அந்தத் தெருவில் ஒரு பாடை உறுதி.

போதாக்குறைக்கு அதன் பெயர் வைரவன். பைரவரை எங்கள் பக்கம் வைரவர் என்றுதான் சொல்வோம். பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. தம்பி பெண்டாட்டியோடு மூத்தார் நேருக்கு நேர் பேசுவது அப்போது வழக்கமில்லை; நடுவில் ஒரு பிள்ளை வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான். இருவரும் பத்தடி தூரத்தில்தான் நிற்பார்கள். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் தெளிவாக விழும். இருந்தாலும் என் வழியாகத்தான் போக வேண்டும்.

“புள்ள, சாமி பேரைப் போயி நாய்க்கு வைக்கலாமான்னு ஒன் சின்னாத்தாகிட்ட கேளு.”

“அந்தச் சாமியே நாயைப் பக்கத்துலதானே வச்சிருக்குன்னு ஒன் பெரியப்பாகிட்ட சொல்லு.”

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்கும் அவளைப் பிடிக்கவில்லை. தாய் செத்தால் தகப்பன் சித்தப்பன் என்று தெருப்பெண்கள் என் காதுபடவே பேசினார்கள். அவள் சனிக்கிழமை என் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்க்கிற தேய்ப்பில் கழுத்து ஒடிந்துவிடும் போலிருக்கும். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்துகொண்டு கண்ணெடுக்காமல் பார்ப்பாள். கணக்கெடுக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். நாயையும் பிடிக்கவில்லை. அது அவளுடைய நாய்.

ஐப்பசிக் கடைசியில், மழை விட்டிருந்த ஒரு காலை. வைக்கோல் போர் கரைந்து பாதியாய் நின்றது. அதன் மேலிருந்து குதித்து விளையாடுவது எங்கள் வழக்கம். நான் குதித்தேன். போரடியில் வைரவன் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நான் மேலிருந்து விழப்போவது அதற்கும் தெரியாது. அதன் இடுப்பின் மேலேயே விழுந்தேன். அலறி எழுந்து, கண் திறக்கும் முன்பே, கெண்டைக்காலைக் கவ்விவிட்டது.

இரண்டு பல் நன்றாக இறங்கியிருந்தது. கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தி மிளகாய்த் தூளோடு வந்தாள், ஒருத்தி சுண்ணாம்போடு வந்தாள். சின்னாத்தா எல்லோரையும் தள்ளிவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடிக் கல்லில் உட்கார வைத்தாள். துணி துவைக்கிற சவுக்காரக் கட்டியை எடுத்தாள். காயத்தில் வைத்துத் தேய்த்தாள். வாளி வாளியாய் ஊற்றினாள். மறுபடி தேய்த்தாள். நான் போட்ட கூச்சல் ரோடு வரைக்கும் கேட்டதாம்.

“ஏன்டி, புள்ளை இந்தக் கதறு கதறுது, பழந்துணி தொவைக்கிற மாதிரி தொவைக்கிறியே, ஒனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?” என்றாள் சுண்ணாம்புக்காரி.

சின்னாத்தா இன்னொரு வாளி இறைத்து ஊற்றினாள். கழுவி முடித்ததும் நாயைப் பிடித்து மாட்டுக்கொட்டகையில் கட்டினாள். படலைச் சாத்தினாள். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஈரச் சேலையோடு, ரோட்டுக்கு நடந்தாள். அப்போது நான் இடுப்பில் வைக்கிற கனமா? வழியில் ஓரிடத்திலும் இறக்கவில்லை.

பஸ்காரர் ரப்பர் ஹாரனை அமுக்கி அமுக்கி, மாட்டையும் ஆட்டையும் விலக்கிக்கொண்டு எங்களைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடி போட்ட டாக்டரம்மா ஒருவர் இருந்தார். ஸ்பிரிட் அடுப்பில் ஊசியும் கண்ணாடிக் குழலும் கொதிக்கிற சத்தம், அந்த வாடை, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஊசியின் நீளமும் தெரியும். நான் சின்னாத்தாவின் கையைக் கடித்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

டாக்டரம்மா கேட்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

“வளர்ப்பு நாயா? உசிரோட இருக்கா?”

“இருக்குங்க. கட்டிப் போட்டுட்டு வந்திருக்கேன்.”

“நல்ல காரியம் பண்ணீங்க. அதை யாரும் அடிச்சுடாமப் பார்த்துக்கோங்க. சோறு தண்ணி வைங்க. பத்து நாள் அது நல்லா இருந்துச்சுன்னா புள்ளைக்குப் பயமில்லை. கொன்னுட்டீங்கன்னா எனக்கு ஒண்ணுமே தெரியாது. அது வரைக்கும் தினம் ஊசிக்குக் கூட்டிட்டு வாங்க.”

தினம் என்ற சொல்லைக் கேட்டு நான் மறுபடி அழத் தொடங்கினேன்.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் பெரியப்பா நின்றார். கையில் தடிக்கம்பு. பின்னால் இன்னும் சில ஆம்பிளைகள், அவர்கள் கையிலும் கம்பு. என் காலில் இருந்த கட்டைப் பார்த்ததும் அவர் முகம் கோணியது. நேரே கொட்டகைக்கு நடந்தார். சின்னாத்தா அவரைவிட வேகமாய் நடந்து, இடுப்பில் நான் இருக்க, படலுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

“புள்ள, ஒன் சின்னாத்தாவைத் தள்ளி நிக்கச் சொல்லு.”

“புள்ள, இந்த நாயைத் தொடக் கூடாதுன்னு ஒன் பெரியப்பாகிட்ட சொல்லு.”

கூட்டத்தில் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. “மூத்தவ புள்ளையைக் கடிச்ச நாய்க்குக் காவலைப் பாருடி.” “ஏவி விட்டாளோ என்னமோ, யாரு கண்டா?”

சின்னாத்தா படலோடு இன்னும் ஒட்டி நின்றாள். சொல்ல வந்தது சரியாய் வரவில்லை. “இது செத்தாலும் தானாச் சாகணும்னு சொல்லு. அடிச்சுக் கொன்னுட்டா, எதுனால செத்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?” கேட்டவர்களுக்கு அது நாய்க்காக வாதாடுகிற பேச்சாகத்தான் பட்டது. பெரியப்பா கம்பை ஓங்கிக்கொண்டு இன்னும் ஓரடி வைத்தார்.

அதுவரை நான் ஒருவர் பேச்சை மற்றவரிடம் சொல்லித்தான் பழக்கம். அன்று முதல்முறையாக என் பேச்சைப் பேசினேன்.

“பெரியப்பா, டாக்டரம்மாதான் சொன்னாங்க. நாய் உசுரோட இருந்தா நானும் உசுரோட இருப்பேனாம். நாயை அடிச்சிட்டா அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதாம்.”

சின்னாத்தா மேல் பிரியம் வந்து சொன்னேன் என்று இப்போது எழுதினால் அழகாயிருக்கும். அது உண்மையில்லை. எனக்கு உயிரோடு இருக்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். ஆனால் சொல்லி முடித்ததும் அவள் கை என் முதுகை இறுக்கிப் பிடித்தது.

பெரியப்பா கம்பை இறக்கினார். தன் வீட்டுக்குப் போய்க் கயிற்றுக் கட்டிலை இழுத்துக்கொண்டு வந்து கொட்டகைக்கு எதிரே போட்டார்.

“நாய்க்கு வெறி கண்டுச்சுன்னா ஒரே போடு. அது வரைக்கும் நான் இங்கிட்டுத்தான் கெடப்பேன்னு ஒன் சின்னாத்தாகிட்ட சொல்லு. அப்புறம், புள்ளைக்கு மந்திரிக்கணும். அதையும் சொல்லு.”

“மந்திரிக்கட்டும். ஊசியும் போடட்டும்” என்றாள் சின்னாத்தா.

மந்திரிப்பவர் வேப்பங்குலையால் என்னைத் தலையிலிருந்து கால் வரை வருடிவிட்டு, வெண்கல உருளியில் தண்ணீரை நிரப்பிக் குனிந்து பார்க்கச் சொன்னார். விஷம் ஏறியிருந்தால் தண்ணீரில் நாய் முகம் தெரியுமாம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். “பாரு புள்ள, நான் இருக்கேன்ல” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திறந்து பார்த்தேன். தண்ணீரில் என் முகமும், தோளுக்கு மேலே அவள் முகமும் ஆடிக்கொண்டிருந்தன. அவளும் பயந்துபோய்த்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைக் கண்டால் குரைக்க ஆரம்பித்தார்கள். எனக்கு வால் முளைக்கும் என்றார்கள். வயிற்றுக்குள் குட்டி வளர்கிறது, அதைக் கொல்லத்தான் வயிற்றில் ஊசி போடுகிறார்கள் என்றாள் என் பக்கத்தில் உட்காருகிறவள். நான் நம்பினேன். ஊசி போட்ட இடமெல்லாம் கட்டி கட்டியாய் வீங்கியிருந்ததால் நம்பாமலும் இருக்க முடியவில்லை. மறுநாள் பஸ்ஸில் போகும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு சின்னாத்தா சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

“நாயின்னா அவ்வளவு கேவலமா?” என்று கேட்டு, கதை சொல்ல ஆரம்பித்தாள். அன்றிலிருந்து தினம் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. ஊசி வலியை மறக்க வைக்கத்தான் சொல்கிறாள் என்பது புரியாமல் நானும் கேட்டுக்கொண்டு போனேன்.

எமனிடம் இரண்டு நாய்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நாலு நாலு கண். எமன் ஒரு தெருவுக்குள் நுழையும் முன் அவைதான் முன்னால் வந்து வீடு பார்க்கும். “அப்ப நம்ம ஊரு நாயிங்க ஏன் ஊளையிடுதுன்னு நெனைக்கிற? எமனை வான்னு கூப்பிடவா? இல்ல புள்ள. ‘இது நான் சோறு தின்ன வீடு, அங்கிட்டுப் போங்கடா’ன்னு அதுக பாஷையில சொல்லுது. நம்ம ஆளுகளுக்கு வெளங்கல. கல்லெடுத்து எறியுறாங்க.”

தருமர் சொர்க்கத்துக்கு நடந்து போனாரே, கூடப் பிறந்தவர்களெல்லாம் வழியில் விழுந்துவிட, கடைசி வரைக்கும் ஒரு நாய் மட்டும் பின்னாலேயே போயிற்றே, அந்தக் கதை ஒரு நாள். வாசலில் நிறுத்தி, நாயை விட்டுவிட்டு நீ மட்டும் வா என்றார்களாம். அப்படியானால் எனக்கும் சொர்க்கம் வேண்டாம் என்று நின்றுவிட்டாராம் தருமர்.

“அந்த நாயி அவரைக் கடிச்சிருந்தா?” என்று கேட்டேன்.

சின்னாத்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “கடிச்சிருந்தாலும் கூட்டிட்டுத்தான் போயிருப்பாரு. அம்புட்டுத் தூரம் கூட நடந்து வந்ததாச்சே.”

பிற்பாடு நான் படித்துப் பார்த்ததில் அவள் சொன்ன கதைகளில் பலதும் வேறு மாதிரி இருந்தன. எனக்கு அவள் சொன்னவைதான் நின்றிருக்கின்றன.

ஊசி முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு காப்பி கிளப்பில் எனக்குப் பாலும் பன்னும் வாங்கித் தருவாள். குடிக்கக் குடிக்க என் தொண்டையையே பார்ப்பாள். “தண்ணி குடி. இன்னொரு மடக்கு” என்பாள். எனக்கு எரிச்சலாய் வரும். அந்தக் கடையில் ஒரு கிராமபோன் பெட்டி இருந்தது. இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருந்த படம் உங்கள் எல்லோருக்கும் தெரியும்: குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிற நாய். சின்னாத்தா அதை ஒரு நாள் முதல்முறையாய்க் கவனித்தாள்.

“அந்த நாயி என்னங்க பண்ணுது?” என்று கடைக்காரரைக் கேட்டாள்.

“எசமான் குரல் கேக்குதாம்மா, பெட்டிக்குள்ளேருந்து.”

“எசமான் எங்க?”

“அவர் செத்துப் போயிட்டாராம். குரல் மட்டும் தட்டுல இருக்கு. பாவம், அதுக்குத் தெரியாதுல்ல.”

சின்னாத்தா பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் அவள் கதை தொடங்கவில்லை. நான்தான் கதை கேட்டுப் பிடுங்கினேன்.

“எனக்கு ஒரு தம்பி இருந்தான்” என்றாள். “ஒன்னைவிடக் கொஞ்சம் பெரியவன். தெருநாய் கடிச்சிருச்சு. எங்க அய்யாவும் ஊராரும் சேர்ந்து அந்த நாயை அடிச்சே கொன்னுட்டாங்க. நாயே போயிருச்சு, இனிமே என்ன பயம்னு இருந்துட்டோம். வைரவர் கோயில்ல வேப்பெலை அடிச்சு, திருநீறு போட்டாங்க. காயமும் ஆறிருச்சு. எல்லாரும் மறந்தே போனோம். அப்புறம் ஒரு நா காலையில தண்ணி கேட்டான். நான்தான் செம்புல மொண்டு குடுத்தேன். வாய்க்கிட்ட கொண்டு போனான். தொண்டை இழுத்துக்கிச்சு. ‘அக்கா, தண்ணியப் பாத்தா பயமா இருக்கு’ன்னான்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல புள்ள.”

கொஞ்ச தூரம் போன பிறகு அவளே சொன்னாள். “அதுக்கு மறு வருசம் இந்த வைரவன் குட்டியாக் கோயில் வாசல்ல கெடந்துச்சு. ஊரே வெரட்டுச்சு. எனக்கு வெரட்ட மனசு வரல. கடிச்சது வேற நாயி. இது வேற.”

சாப்பிடும்போது அவள் எதிரே உட்கார்ந்து கண்ணெடுக்காமல் பார்த்ததற்குக் கடிபட்ட பிறகுதான் காரணம் வந்தது என்றில்லை. நாய் இருக்கிற வீட்டில் பிள்ளை இருக்கிறாள் என்ற பயம், எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அவளுக்கு இருந்திருக்கிறது. இது எனக்கு விளங்க முப்பது வயது ஆயிற்று.

இதற்குள் கொட்டகையில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. வெறி பிடித்த நாய் தண்ணீர் குடிக்காது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. பெரியப்பா மண்சட்டியில் தண்ணீரை வைத்துவிட்டுக் கட்டிலில் குந்திப் பார்த்துக்கொண்டே இருப்பார். மடியில் தடிக்கம்பு. வைரவன் அவரைப் பார்க்கும், சட்டியைப் பார்க்கும், கொட்டாவி விடும். “குடிடா. ஒரு வாய் குடிச்சுத் தொலையேன்டா” என்று கெஞ்சுவார். அது எழுந்து நக்கிக் குடித்தால் தெருவே கேட்கிற மாதிரி “குடிச்சிருச்சு!” என்று கத்துவார்.

அந்த மாதம் கீரனூர் டூரிங் கொட்டகையில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு நாய் நெருப்புக்குள் பாய்ந்து கதாநாயகனைக் கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் அவிழ்த்துவிடும். எங்கள் ஊரே மாட்டுவண்டி கட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தது. அங்கே மணலில் உட்கார்ந்து விசில் அடித்தவர்கள் இங்கே வைரவன் தண்ணீர் குடிப்பதற்கும் விசில் அடித்தார்கள். வயலுக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, “குடிச்சிச்சாங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். ஏவி விட்டாளோ என்று சொன்ன வாய்களும் கேட்டன.

நடுவில் அப்பா வந்தார். ரோட்டுக் கடையிலேயே யாரோ அவரிடம் ஓதியிருக்கிறார்கள், உன் பெண்டாட்டி ஒரு நாய்க்காக உன் அண்ணனை எதிர்த்து நின்றாள் என்று. வரும்போதே கண் சிவந்துதான் வந்தார். வாசலில் கால் வைத்ததும் சின்னாத்தாவைப் பார்த்து உரக்க ஏதோ ஆரம்பித்தார். கொட்டகைப் பக்கமிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது.

“டேய், சத்தம் போடாத. நாயி தண்ணி குடிக்குது.”

அப்பா அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாய் நடந்துபோய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் பார்க்க ஆரம்பித்தார்.

கார்த்திகை மாதத் தேய்பிறை அஷ்டமி வைரவருக்கு உகந்த நாள். அன்று மிளகு வடை சுட்டு மாலையாய்ச் சாத்தி, நாய்களுக்கும் போடுவார்கள். அதற்கு மறுநாள் காலை வைரவன் எழுந்திருக்கவில்லை. முகத்தை மண்ணில் வைத்துக்கொண்டு கிடந்தது. சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. பெரியப்பா தண்ணீர்ச் சட்டியை மூக்குக்குக் கிட்டே தள்ளினார். தலையைத் திருப்பிக்கொண்டது.

பெரியப்பா தடிக்கம்பை எடுத்தார், பார்த்தார், கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். சின்னாத்தாவின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குத் தலை சீவிவிட்டாள். பஸ்ஸில் கதை இல்லை. என் கை அவள் இரண்டு கைக்குள்ளும் இருந்தது. டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டு, “ஊசி நடந்துட்டுத்தானே இருக்கு, தைரியமா இருங்க” என்றார். சொன்னவருக்கே தைரியம் குறைவாய் இருந்த மாதிரி எனக்குப் பட்டது. காப்பி கிளப்பில் சின்னாத்தா எனக்குத் தண்ணீரை நீட்டினாள். நான் குடித்தேன். அவளுக்காக மறுபடியும் கேட்டு வாங்கி, தொண்டை ஏறி இறங்குவது தெரிகிற மாதிரி முகத்தை நிமிர்த்திக் குடித்தேன். அவளுக்கென்று நான் தெரிந்து செய்த முதல் காரியம் அதுதான்.

திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கினால், வண்டிப்பாதை முனையில் பெரியப்பா நிற்கிறார். அத்தனை நாளும் கட்டிலை விட்டு நகராதவர். சின்னாத்தா ரோட்டிலேயே நின்றுவிட்டாள். பெரியப்பா எங்களை நோக்கி ஓட்டமும் நடையுமாய் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேரே அவளைப் பார்த்து, “ஆத்தா” என்றார். “ஆத்தா, கக்கிருச்சு.”

“என்னது?”

“வடை. பூரா வடை. கயித்தை இழுத்துக்கிட்டே இருந்துச்சு. சரின்னு வரப்புப் பக்கம் கூட்டிட்டுப் போனேன். அருகம்புல்லைக் கடிச்சுத் தின்னுச்சு. அம்புட்டையும் கக்கிருச்சு. இப்பத் தண்ணி குடிக்குது ஆத்தா. சட்டித் தண்ணியப் பூரா குடிச்சிருச்சு.”

சின்னாத்தா அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பெரியப்பா என்ன செய்வதென்று தெரியாமல் துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

நடந்தது இதுதான். முந்தின நாள் தெருவில் ஒவ்வொருவரும், பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கொட்டகைக்கு வந்து வைரவனுக்கு வடை போட்டிருக்கிறார்கள். கம்பு தூக்கி வந்தவர்கள், சுண்ணாம்புக்காரி, எல்லோரும். “நான் ஒண்ணே ஒண்ணுதான் வச்சேன்” என்றார்கள் அத்தனை பேரும். நிறைய வைத்தது பெரியப்பாதான் என்று அப்பா பிற்காலத்தில் சொல்வார்.

டாக்டரம்மா சொன்ன கெடு முடிந்தது. வைரவன் கொழுகொழுவென்று இருந்தது. இனி ஊசி வேண்டாம் என்று அவர் சொன்னதும் நான் துள்ளிக் குதித்தேன். சின்னாத்தா, “இன்னும் கொஞ்சம் போட்டுருங்கம்மா, எதுக்கும்” என்று கேட்டாள். டாக்டரம்மா சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி, எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்து, “போதும்மா. நெசமாவே போதும். இது பொழைச்ச புள்ளை” என்றார். அப்போதுதான் சின்னாத்தா உடைந்து அழுதாள். பஸ்ஸில் தம்பி கதையைச் சொன்னபோது வராத அழுகையெல்லாம் அதில் இருந்தது.

வைரவன் அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தது. பெரியப்பாவோடுதான் அதன் நடமாட்டம். அவர் கட்டிலுக்கு அடியில்தான் தூங்கும். எமனைப் பார்க்கும் நாய் என்று பிறகு யாரும் சொல்லவில்லை. சின்னாத்தாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். என்னை ஹைஸ்கூல் வரைக்கும் படிக்க வைக்க வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்ததும் அவள்தான். இன்று இதை எழுதுகிற கை அதனால் வந்தது. நான் பட்ட நன்றிக்கடன்களை வரிசையாய்ச் சொல்ல ஆரம்பித்தால் அவளுக்கே பிடிக்காது. ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

நாய் கடித்த அந்த வருஷமே, தை மாதம், அவள் பிறந்த ஊருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஊர் எல்லையில் வைரவர் கோயில். சின்னதுதான். கறுத்த கல்லில் வைரவர் நிற்கிறார். பின்னால் கல் நாய், தொட்டுத் தொட்டுக் கும்பிட்டு மூக்கு வழவழப்பாகிப் போனது. தம்பி இறந்த பிறகு சின்னாத்தா அந்தக் கோயிலுக்குள் கால் வைத்ததில்லையாம். பூசாரி அவளைப் பார்த்துவிட்டு விலகி நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

கும்பிடுவாள் என்று பார்த்தேன். கும்பிடவில்லை. தெருவில் ஒருவரை மறித்துப் பேசுவது போல நேரே நின்று பேசினாள்.

“என் தம்பியைக் கேட்டேன். நீ குடுக்கல. இந்தப் புள்ளையைக் கேட்டேன். குடுத்துட்ட. அதுக்கு இது சரியாப் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். என்னைக்கும் சொல்ல மாட்டேன். ஆனா, குடுத்ததுக்குக் கும்புடுறேன்.”

பிறகுதான் கைகளைக் கூப்பினாள். நானும் கூப்பினேன். அவள் சாமியைப் பார்த்து நின்றாள். நான் அவளைப் பார்த்து நின்றேன்.